'மனிதக் காலடி படாத' என்று எழுதுவதை நிறுத்துங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதையும் பேசப்படுவதையும் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ப்ளாக் காலத்திலிருந்து இன்றைய ரீல்ஸ் வரை வடிவம் மாறியிருக்கிறது, வசனம் மாறவில்லை. ட்ரோன் ஒரு பச்சை மலையைத் தாண்டும். கீழே பிறை வடிவில் வெண்மணல் விரியும். பின்னணியில் ஒரு குழல் அழும். அப்புறம் அந்தக் குரல் வரும்: "மனிதக் காலடியே படாத சொர்க்கம், மக்களே!" எழுதுகிறவர் கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ளவர் என்றால் 'கன்னி நிலம்', 'ஆதி மௌனம்', 'காலம் உறைந்து நிற்கும் கரை' என்று போகும். கூடவே ஒரு ஜென் மேற்கோள்.

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. தேய்வழக்கு என்பதற்காகச் சண்டை போடவில்லை. தேய்வழக்கு எல்லோருக்கும் வரும், போகட்டும். இது பொய், அதுதான் பிரச்சினை. அதுவும் யாரோ ஒருவருக்கு லாபம் தருகிற பொய். மேயோ கவுன்ட்டியின் கடற்கரையில் ஆட்கள் இல்லை என்றால் அங்கே யாரும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. இருந்தவர்கள் செத்தார்கள், மிஞ்சியவர்கள் துரத்தப்பட்டார்கள், அதற்கும் மிஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த 'வெறுமை' ஒரு விளைவு. அதற்குத் தேதி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

முதலில் இடம். அயர்லாந்தின் சுற்றுலா வளர்ச்சி அமைப்பு 2014இல் மேற்குக் கரை முழுவதையும் ஒரே சாலைப் பயணமாகக் கோத்து 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் வைத்தது. வடக்கே இனிஷோவன் தீபகற்பத்திலிருந்து தெற்கே கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டர். வழியெல்லாம் அலை வடிவக் குறியோடு துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள், 'இங்கே நில், இங்கே பார்' என்று. வணிகமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அந்த 'வைல்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். காட்டுத்தன்மை, அடங்காமை, மனிதக் கை படாதது. ஒரு சொல்லில் முந்நூறு வருடத்து வாடகை ரசீதுகளைக் கிழித்துப் போட்டாயிற்று.

அந்தப் பாதையில் மேயோவின் விளிம்பில் இருக்கிறது அக்கில் தீவு. அயர்லாந்தின் கரையோரத் தீவுகளிலேயே பெரியது, பாலம் போட்டு நிலத்தோடு இணைத்தது. அதன் மேற்குக் கோடியில் கீம் விரிகுடா. ட்ரோன்காரர்களின் செல்லப்பிள்ளை. ஒருபக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் செங்குத்தான சாலை, நடுவே குதிரை லாடம்போல் மணல், வெயிலடித்தால் நம்ப முடியாத பச்சை நீலத்தில் தண்ணீர். அழகுதான், மறுக்கவில்லை. 2022இல் வந்த 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' படத்தில் இந்தக் கரையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் கூட்டம் இன்னும் கூடியது.

அந்தப் பச்சை நீலத் தண்ணீரில் 1947 தொடங்கி எழுபதுகளின் நடுப்பகுதி வரை பெருஞ்சுறா வேட்டை நடந்தது. மிதவைப் பூச்சிகளை வடிகட்டித் தின்னும், வாயை அகலத் திறந்தபடி மெதுவாக நீந்தும், யாரையும் கடிக்காத ராட்சத மீன். வலையில் சிக்கவைத்து, தார் பூசிய துணிப்படகில் இருவர் மூவராகப் போய் ஈட்டியால் குத்தினார்கள். கல்லீரல் எண்ணெய்க்காக. அந்த முப்பது வருடங்களுக்குள் அக்கிலில் கொல்லப்பட்டவை ஏறக்குறைய 12,000. வாடை தீவு முழுக்க அடித்திருக்கும். கடைசியில் மீனே வராமல் போய்த் தொழில் படுத்தது. 2022இல்தான் அயர்லாந்து அந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆக, 'ஆதி மௌனம்' நிலவும் இந்தக் கரை நம் தாத்தா காலத்தில் ஒரு கசாப்புத் துறை. அந்த வேலையைச் செய்தவர்கள் கொடூரர்கள் கிடையாது, கூலிக்கு வேறு வழியில்லாத உள்ளூர்க்காரர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் 'காலடி படாத' என்கிற ஒற்றைச் சொல் துடைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், ரசிக்கத்தக்கது. ட்விட்டரில் வாரம் ஒரு படத்துக்கு ஹேஷ்டேக் போட்டுப் 'பாய்காட்' செய்கிறோமே, அந்தப் பாய்காட் ஒரு மனிதனின் பெயர். சார்லஸ் பாய்காட். மேயோவின் உட்பகுதியில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட்டாக இருந்தவர். 1880இல் குத்தகைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து அவருக்கு அறுவடை செய்ய மறுத்தார்கள், கடைக்காரர் சாமான் தர மறுத்தார், அவர் பெயர் வினைச்சொல்லாயிற்று. அதற்கு முன்னால் பல வருடங்கள் அவர் வாழ்ந்தது இந்த அக்கிலில், கீமுக்குப் போகும் அதே பக்கத்தில். உலகத்து மொழிகளுக்கெல்லாம் ஒரு போராட்டச் சொல்லைத் தந்த மண்ணைப் பார்த்து 'காலம் உறைந்து நிற்கிறது' என்று எழுத எப்படி மனசு வருகிறது?

கீமிலிருந்து திரும்பித் தீவின் நடுவே வந்தால் ஸ்லீவ்மோர் மலை. அதன் தெற்குச் சரிவில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு எண்பது, நூறு கல்வீடுகள். கூரை கிடையாது. சுவர் மட்டும். ஊரின் பெயரே 'கைவிடப்பட்ட கிராமம்' என்றாகிவிட்டது. அடிவாசல் ஒன்று, உள்ளே ஒரே அறை, ஒருபக்கம் மாடு மறுபக்கம் மனிதர். வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் வீடுகளைச் சுற்றிப் புல்லுக்கடியில் வரிவரியாக மேடுபள்ளம் தெரியும், சீப்பு வைத்து இழுத்த மாதிரி. அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். மண் கிடையாத இடத்தில் கடற்பாசியையும் மணலையும் முதுகில் சுமந்து வந்து கொட்டி மண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள். நான் முதலில் படங்களில் பார்த்தபோது அந்த வரிகளை மலையின் இயல்பான மடிப்பு என்றே நினைத்துக்கொள்ள முடிந்தது, அவ்வளவு பழகிப்போய்ப் புல் மூடியிருக்கிறது.

இங்கே வழிகாட்டிகளும் ஒரு சுலபமான கதை வைத்திருக்கிறார்கள்: 'பஞ்சம் வந்தது, எல்லோரும் செத்தார்கள், ஊர் காலியானது.' அதுவும் பாதிதான். சிலர் பட்டினியில் போனார்கள். சிலர் கடலோரம் மீன்பிடிக்க டூவா பக்கம் இறங்கினார்கள். பஞ்சத்துக்கு முன்பே, 1830களில், எட்வர்ட் நாங்கிள் என்ற பாதிரியார் தீவின் வடக்கே டுகோர்ட்டில் ஒரு புராட்டஸ்டன்ட் மிஷன் அமைத்தார். பள்ளிக்கூடம், அச்சகம், பஞ்சத்தில் கஞ்சி. மதம் மாறியவர்களுக்குத்தான் கஞ்சி என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை. 1850களில் அந்த மிஷன் தீவின் பெரும்பகுதியை விலைக்கே வாங்கியது. நேற்றுவரை பொதுவாக மேய்த்த நிலத்துக்கு இன்று உரிமையாளர் வந்தார். ஊர் காலியான பிறகும் அந்த வீடுகளில் சிலவற்றைக் கோடைகால மாட்டுக் கொட்டில்களாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கிட்டத்தட்டவரை, பயன்படுத்தினார்கள். ஒரே இரவில் ஆவிகளிடம் ஒப்படைக்கப்பட்ட ஊர் கிடையாது இது. கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுக்கப்பட்ட ஊர்.

ஹைன்ரிஹ் ப்யோல் ஐம்பதுகளில் இந்த இடத்தைப் பார்த்து எழுதினார். 1957இல் வந்த அவரது அயர்லாந்துப் பயண நூலில் இந்தக் கிராமத்துக்கே ஒரு பகுதி இருக்கிறது. போரில் தோற்று, குண்டுவீச்சில் இடிந்த ஜெர்மானிய நகரங்களைப் பார்த்து வந்த மனிதர். இடிபாடு என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் இங்கே அவருக்கு முதலில் தோன்றியது கேள்வி: இதை யார் இப்படிச் செய்தது? பயண இலக்கியம் படிக்கிற தம்பிதங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெளியூர்க்காரனாகப் போவது குற்றமில்லை, ப்யோலும் வெளியூர்க்காரர்தான். கேள்வி கேட்காமல் போவதுதான் குற்றம்.

சரி, யார் செய்தது? மேயோவின் கணக்கைப் பாருங்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 3,88,000 பேர். பத்தே வருடத்தில், 1851இல், 2,74,000. இன்றைக்கு 1,38,000க்குப் பக்கம். அதாவது நூற்றெண்பது வருடங்களுக்கு முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. உலகத்தில் எந்த ஊரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? நடுவில் 1845இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது உண்மை. ஆனால் நோய் அழித்தது கிழங்கை. ஊரை அழித்தது வேறு. 1847இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அரசுக் கஞ்சி கிடையாது. பிள்ளைகள் பசியில் கிடக்கின்றனவா? நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வா, அப்புறம் சாப்பாடு. எழுதிக் கொடுத்தவுடன் கூரையைப் பிரிப்பார்கள், திரும்பி வந்துவிடக் கூடாதே. இன்னொரு பக்கம், சின்னக் குத்தகைகளுக்கான ஏழை வரி நிலச்சுவான்தார் தலையில் விழுந்தது, அதனால் ஆட்களைக் காலிசெய்வது அவருக்கும் லாபம். காலியான நிலத்தில் ஆடுமாடு. அக்கில் சாலையில் காருக்கு வழிவிடாமல் நிற்கும் செம்மறிகளைப் பார்த்து "சோ க்யூட்" என்று ஸ்டோரி போடுகிறோம். மேற்குக் கரை முழுக்க மனிதர்களுக்குப் பதிலாக வந்தவை அவை.

இந்த நிவாரணத்துக்கான பணப்பையை லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து பிடித்திருந்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பதில் உடும்புப்பிடி. பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடாகப் பார்த்தவர், அப்படியே எழுதியும் வைத்தவர். அவர் காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் வெளியே போய்க்கொண்டிருந்தன. இன்றும் அயர்லாந்தின் விளையாட்டு மைதானங்களில் கூட்டம் சேர்ந்து பாடும் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை' பாட்டில் அவர் பெயர் வருகிறது, திருடப்பட்ட தானியத்தோடு சேர்த்து. இவர் நமக்கும் வேண்டப்பட்டவர்தான். 1859இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். வருமான வரி விஷயத்தில் மேலிடத்தோடு மோதி, அடுத்த வருடமே திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மக்களுக்காக ஒரு பெரிய பூங்கா தொடங்கினார், பீப்பிள்ஸ் பார்க். பார்க் டவுன் என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பார்க். பஞ்சத்தில் கஞ்சிக்கு நிபந்தனை போட்ட கை மதராஸில் மரம் நட்டது. மனிதர்கள் அப்படித்தான், சிக்கலானவர்கள், தெரியும். ஆனாலும் ரிப்பன் மாளிகையைக் கடக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். அயர்லாந்து நமக்கு ஒரு வால்பேப்பர் கிடையாது, ஒரே ஆபீஸ் மேஜையில் பக்கத்துப் பக்கத்து ஃபைல்களாக இருந்திருக்கிறோம்.

அக்கிலுக்குத் தெற்கே க்ளூ விரிகுடா. அதன் கரையில் க்ரோ பாட்ரிக் மலையடிவாரத்தில், மரிஸ்க் என்ற ஊரில், 1997இல் தேசியப் பஞ்ச நினைவுச்சின்னம் வைத்தார்கள். வெண்கலக் கப்பல். பாய்மரக் கயிறுகளின் இடத்தில் எலும்புக்கூடுகள். இன்னும் தெற்கே போனால் டூலாக் பள்ளத்தாக்கு. ஏரி, இருபுறமும் மலை, ஒற்றைச் சாலை. அயர்லாந்தின் மிக அழகான கார்ப் பாதைகளில் ஒன்று என்று எல்லாப் பட்டியல்களிலும் வரும். 1849 மார்ச் கடைசியில் லூயிஸ்பர்க்கில் நிவாரணத்துக்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களை, மறுநாள் காலை பல மைல் தள்ளியிருக்கும் ஒரு வேட்டை மாளிகைக்கு வந்து ஆஜராகச் சொன்னார்கள் அதிகாரிகள். வராவிட்டால் நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்காது. குளிரிலும் மழையிலும் ராத்திரியெல்லாம் நடந்து போனார்கள். போகும்போதும் திரும்பும்போதும் வழியில் விழுந்தார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்கு ஒத்துப்போகவில்லை. சாலையோரம் ஒரு எளிய கல் சிலுவை நிற்கிறது. அதில் பொறித்திருப்பது, நம்புங்கள், காந்தியின் வாசகம். மனிதர்களை இழிவுபடுத்துவதில் சக மனிதர்களுக்கு என்ன பெருமை என்று கேட்கும் வாசகம். இந்தப் பாதையை நம் ஆட்கள் பைக்கில் போய் வீடியோ எடுக்கிறார்கள். காந்தியைத் தாண்டி நிற்காமல் போகிறார்கள்.

"ப்ரோ, எதுக்கு எல்லாத்துலயும் சோகத்தைத் தேடுறீங்க? ஒரு பீச்சைப் பீச்சாப் பார்க்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பார்க்கலாம். நீந்தலாம், ஐஸ்க்ரீம் சாப்பிடலாம். கீமில் கால் நனைக்கும்முன் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் பேசுவது எழுதும்போது நடப்பதைப் பற்றி. 'அழகான கடற்கரை' என்று எழுதுங்கள், ஒரு பேச்சும் இல்லை. 'மனிதர்களே வாழ்ந்திராத கடற்கரை' என்று எழுதும்போது ரசனையைத் தாண்டி ஒரு வரலாற்றுக் கூற்றைச் சொல்கிறீர்கள். அது தவறான கூற்று. எவ்வளவு தவறு என்றால், வடக்கு மேயோவின் பாலிகேஸில் பக்கம் கடற்பாறை உச்சியில் கரிச்சேற்றுக்கு அடியில் கிடைத்த கெய்ட் வயல்கள் சுமார் 5,500 வருடம் பழையவை என்று கணிக்கப்படுகின்றன. கல்வரப்பு கட்டிப் பிரித்த வயல்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1930களில் அடுப்புக்குக் கரிமண் வெட்டும்போது, அடியில் கற்கள் வரிசையாக இருப்பதைக் கவனித்ததிலிருந்து தொடங்கிய கண்டுபிடிப்பு. காலடி படாத நிலமாம்.

இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சாக்கும் கிடையாது. நிலத்தை மனிதரில்லாமல் பார்க்கும் பழக்கமே நம் கவிதையில் இல்லை. திணையின் கருப்பொருளில் பறவை, மரத்தோடு உணவும் தொழிலும் பறையும் சேர்த்தியாக வரும். நெய்தல் என்றால் உப்பும் மீனும் காத்திருப்பவளும் சேர்ந்ததுதான். ஆளில்லாத அலை நெய்தல் ஆகாது. இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. பாலை தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதன் உரிப்பொருள் பிரிவு. இதைவிடப் பொருத்தமான சொல்லை மேயோவுக்கு எந்த மொழி தரும்? மழை கொட்டும், புல் முழங்கால் உயரம் வளரும், ஆனாலும் அது பாலை. நெய்தல் திரிந்த பாலை. கையில் இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சுற்றுலா விளம்பரத்திலிருந்து 'வர்ஜின்', 'அன்டச்ட்' என்று கடன் வாங்கிக் 'கன்னி நிலம்' என்று மொழிபெயர்க்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஆண் புத்தியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

பிரிவு என்று வெறுமனே சொல்லவில்லை. வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கிலுக்கு 42 கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஒன்று இருக்கிறது, க்ரேட் வெஸ்டர்ன் க்ரீன்வே. கடலை ஒட்டி, மேடுபள்ளம் அதிகமில்லாமல், குழந்தைகளும் ஓட்டலாம். அது பழைய ரயில் பாதை. 1894 ஜூனில், ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் புறப்பட்ட அக்கில் இளைஞர்கள் வெஸ்ட்போர்ட்டில் கப்பலேறப் படகில் போனார்கள். கப்பலைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடியதில் படகு கவிழ்ந்தது. முப்பத்திரண்டு பேர் மூழ்கினார்கள், நிறையப் பேர் இளம்பெண்கள். பாதை முறையாகத் திறப்பதற்கு முன்பே அதில் ஓடிய முதல் ரயில் அந்தப் பிணங்களைத்தான் கொண்டு வந்தது. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக்கில் அதே கூலிக்குப் போன பத்து அக்கில் பையன்கள், பதின்மூன்றிலிருந்து இருபத்து மூன்று வயது வரை, படுத்திருந்த கொட்டகை தீப்பிடித்துக் கருகினார்கள். ஏற்கெனவே மூட முடிவாகியிருந்த பாதையில் அந்தப் பெட்டிகளைக் கொண்டுவர ஒரு ரயில் விட்டார்கள். அத்தோடு பாதை மூடப்பட்டது. முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் சுமக்கும் என்று ப்ரையன் ருவா என்பவர் முந்நூறு வருடம் முன்பே சொல்லியிருந்தார் என்று தீவில் ஒரு கதை உண்டு. குறி சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கூலிக்கு ஆள் அனுப்புவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாத ரயிலுக்கு அப்படிச் சொல்ல ஞானதிருஷ்டி தேவையுமில்லை.

கவனியுங்கள், 1937இல் அயர்லாந்து சுதந்திர நாடு. ஆங்கிலேயன் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. 1953இல் கெரி கரைக்கு அப்பால் பெரிய ப்ளாஸ்கெட் தீவின் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியதும் சொந்த அரசுதான். எல்லாப் பழியையும் லண்டனில் இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவ முடியாது.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது: சுற்றுலாதானே இன்று அந்த ஊர்களுக்குச் சோறு போடுகிறது, அதையும் ஏன் கெடுக்கிறீர்கள்? சோறு போடுகிறதுதான். 1984 புயலில் டூவா கடற்கரையின் மணல் முழுக்க அடித்துப் போனது, பாறை மட்டும் மிஞ்சியது. கரையோரம் இருந்த விடுதிகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. 2017 ஈஸ்டர் சமயத்தில் சில நாட்களுக்குள் கடல் அந்த மணலைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியது. உலகம் பூராவும் செய்தி. அந்தக் கோடையில் கூட்டம் அலைமோதியது. 2019இல் மறுபடியும் அடித்துப் போயிற்று. மணல் வந்தால் பிழைப்பு, போனால் பட்டினி என்கிற அந்த நிலைமையை நான் கேலிசெய்ய மாட்டேன்.

ஆனால் சுற்றுலா விற்கும் சரக்கு எது என்று பாருங்கள். வெறுமைதான் சரக்கு. ஆளில்லாத கரை என்று விளம்பரம் செய்தால் அந்த ஆளில்லாமையை வாங்க ஆள் வருகிறது. டப்ளின்காரர் ஒரு விடுமுறை வீடு வாங்குகிறார், அவரைப் பார்த்து இன்னொருவர். வீட்டு விலை ஏறுகிறது. அக்கிலில் இன்று மொத்தம் இரண்டரையாயிரம் பேரளவுக்குத்தான் வசிக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே குடியிருக்க நினைக்கும் ஒரு இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. ஜூலையில் நிரம்பி வழியும் அதே வீடுகளின் ஜன்னல்கள் நவம்பரில் இருட்டாகக் கிடக்கும். நல்ல கூரை, இரட்டைக் கண்ணாடி, வாசலில் ஹைட்ரேஞ்சியா, உள்ளே ஒருவரும் இல்லை. அந்த ஜன்னல்களிலிருந்து மலைப் பக்கம் பார்த்தால் ஸ்லீவ்மோரின் கூரையில்லாத சுவர்கள் தெரியும்.